மூடிய பெட்டிக்குள் செம்மண் எப்படி வந்தது?

ஆடி மாதத்தில் கொடகவெலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லொறி பிடித்துக் கதிர்காமம் போகிறவர்களுக்கும், கெப் வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு உடவளவைப் பக்கம் தங்கப் போகிற இளைஞர்களுக்கும் ஒரே முறைப்பாடுதான். பெட்டியின் மூடி சரியாகத்தான் இருந்தது. கிளிப் நான்கும் பூட்டியிருந்தன. மேலே படங்கும் இழுத்துக் கட்டியிருந்தது. போய் இறங்கித் திறந்தால், கோதுமை மாப் பையின் மேலும் கோப்பைகளின் உள்விளிம்பிலும் போர்வை மடிப்பிலும் செந்தூள் படிந்திருக்கிறது. எறும்பு நுழைய இடமில்லாத பெட்டிக்குள் இவ்வளவு மண் எப்படி வந்தது?

உற்றுப் பார்க்கிறவர்கள் இன்னும் இரண்டு விடயங்களைக் கவனித்திருப்பார்கள். லொறியின் முன்பக்கம், சாரதிக்குப் பின்னால் இருந்த பெட்டியைவிடக் கடைசியில், பின்கதவை ஒட்டி இருந்த பெட்டியில் மண் அதிகம். நிரம்ப அடைத்த பெட்டியைவிடப் பாதி காலியாக இருந்த பெட்டியில் மண் அதிகம். முதலாவது எதிர்பார்க்கக்கூடியது. இரண்டாவதுதான் யோசிக்க வைப்பது. பெட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே இருக்கும் தூசிக்கு எப்படித் தெரியும்?

கொடகவெல இருக்கும் இடமே இந்தக் கேள்விக்குப் பொருத்தமானது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கி இறங்கும் ஏ18 பாதையில், ஈரவலயம் முடிந்து உலர்வலயம் தொடங்கும் சரிவில் இந்த ஊர் இருக்கிறது. வடமேற்கே இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இறக்குவானை மலைகளில் தேயிலை எப்போதும் நனைந்து நிற்கும். அங்கே மண் தூசியாவதே அபூர்வம். ஆனால் எம்பிலிப்பிட்டிய நோக்கி இன்னும் கீழே இறங்கி, 1972இல் அமைக்கப்பட்ட உடவளவை தேசிய பூங்காவின் பக்கம் போனால், ஆடி ஆவணியில் மண் காய்ந்து மாவாகக் கிடக்கும். பிரதான வீதிகள் தார் போட்டவைதான். தாரை விட்டுக் கிரவல் ரோட்டிலோ பூங்காவின் உள்பாதையிலோ சக்கரம் இறங்கிய பிறகுதான் பெட்டிக்குச் சோதனை. மலைநாட்டில் மழைக்காக வாங்கிய பெட்டியை அந்தப் புழுதிக்குள் கொண்டுபோகிறோம். மழையைத் தடுப்பதும் தூசியைத் தடுப்பதும் ஒரே வேலை என்று நினைத்துவிடுகிறோம்.

தூசி தானாக எங்கும் நுழைவதில்லை. அதைக் காற்றுத்தான் தூக்கி வருகிறது. எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்கும் என்பது துகளின் பருமனைப் பொறுத்தது. சிறு கோளம் ஒன்று பாய்பொருளில் எந்த வேகத்தில் விழும் என்பதை அயர்லாந்தில் பிறந்த ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் கணக்கிட்டுக் காட்டினார். விட்டம் பாதியானால் விழும் வேகம் நாலில் ஒன்றாகிறது. இதை மண்துகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோமீற்றர். தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர். 100 மைக்ரோமீற்றர் மணல் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் விழுந்துவிடும். அது பெட்டிக்குள் வருவதில்லை, சக்கரத்தடியிலேயே கிடக்கும். 10 மைக்ரோமீற்றர் துகள் அசையாத காற்றில் நெஞ்சு உயரத்திலிருந்து தரைக்கு வர மூன்று நிமிடம் எடுக்கும். ஒரு மைக்ரோமீற்றர் துகளுக்கு நாலைந்து மணித்தியாலம் வேண்டும். பெட்டிக்குள் படிவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கூட்டந்தான். இவற்றுக்குக் காற்று போகும் வழியெல்லாம் வழி.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். தூசி எப்படி உள்ளே வந்தது என்பதைவிட, காற்றை உள்ளே தள்ளியது எது என்று கேட்டால் விடை கிடைக்கும்.

முதல் குற்றவாளி வண்டியின் ஓட்டம். ஓடும் லொறி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. அதைப் பின்சுழல் என்று சொல்லலாம். சக்கரம் கிளப்பிய தூசியை அது மேலே இழுத்து, பின்கதவுக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. மண்பாதையில் ஓடிவரும் பஸ்ஸின் எந்தக் கண்ணாடி அதிகம் அழுக்காக இருக்கிறது என்று பாருங்கள். முன்கண்ணாடி அல்ல, பின்கண்ணாடிதான். ஆய்வுகூடங்களில் காற்றுச் சுரங்கத்துக்குள் புகையை விட்டும், வண்டியின் உடலில் சிறு நூல்களை ஒட்டி அவை எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று பார்த்தும் இதை அறிந்தார்கள். கெப்பின் பின்கதவில் நாலு நூலை ஒட்டிவிட்டு, பின்னால் வரும் வண்டியிலிருந்து கவனித்தால் நாமும் பார்க்கலாம். சில நூல்கள் வண்டி போகும் திசைக்கே சுருண்டு நிற்கும்.

இந்த இழுவை மிகச் சிறியது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சதுர மீற்றருக்கு மூன்று கிலோ பாரத்தின் அளவுதான். ஆனால் அது விடாமல் இழுக்கிறது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே அரை மில்லிமீற்றர் இடைவெளி சுற்றிவர இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலிவான பிளாஸ்டிக் பெட்டிகளில் அது சாதாரணம். ஒரு பக்கம் காற்று நுழைந்து மறுபக்கம் வெளியேறும். தோராயமாகக் கணக்குப் போட்டால், 60 லீற்றர் பெட்டியின் காற்று முழுவதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் மாறிவிடுகிறது. வெளியேறும் காற்று தூசியைத் திருப்பி எடுத்துப் போவதில்லை. இடுக்கில் வேகமாக வந்த காற்று பெட்டிக்குள் அகன்ற இடத்தில் ஓய்ந்துவிடும். ஓய்ந்த காற்றிலிருந்து, ஸ்டோக்ஸ் சொன்னபடி, தூசி மெதுவாக இறங்கிப் படிந்துவிடும். காற்று வந்து போகிறது, தூசி வந்து தங்குகிறது. ஒரு மணித்தியால ஓட்டத்தில் இவ்வளவு எப்படிச் சேர்ந்தது என்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே நமக்குச் சாதகமான ஒரு விதியும் இருக்கிறது. ஒடுங்கிய இடுக்கு வழியே போகும் காற்றின் அளவு, இடுக்கு பாதியானால் பாதியாகக் குறைவதில்லை. எட்டில் ஒன்றாகக் குறைகிறது. இடுக்கு ஐந்தில் ஒன்றானால் காற்று நூற்று இருபத்தைந்தில் ஒன்று. காற்று சுவரோடு உரசுவதால் வரும் விளைவு இது. அரை மில்லிமீற்றர் இடைவெளியுள்ள பெட்டியையும் பத்தில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியுள்ள பெட்டியையும் கடையில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மண்பாதையில் அவை இரண்டும் வேறு வேறு பொருட்கள். நாலு கிளிப் உள்ள நீளமான பெட்டியில் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே மூடி கொஞ்சம் மேலே வளையும். அந்த ஒரு இடத்தின் வளைவு மற்ற எல்லா இடத்தின் இறுக்கத்தையும் வீணாக்கிவிடும். அதனால் நான் விலையைப் பார்ப்பதற்கு முன் கிளிப்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் மூடியின் விறைப்பையும் பார்ப்பேன்.

இரண்டாவது குற்றவாளி வெயில். சூடான கறியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைத்தால், ஆறிய பிறகு மூடி குழிந்து, திறக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருந்த காற்றும் ஆவியும் குளிர்ந்து சுருங்கியதால் வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. லொறியில் வெயில்பட நின்ற பெட்டிக்கு நடப்பதும் இதுதான். நடுப்பகலில் கறுப்புப் பெட்டியின் உள்ளே 50 பாகை செல்சியஸ் சுலபமாக ஏறும். காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். பிறகு ஒரு மழை, அல்லது இரவு. 25 பாகைக்கு இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 8 வீதம் சுருங்குகிறது. காலியான 60 லீற்றர் பெட்டி நாலரை லீற்றர் வெளிக்காற்றை, அதிலுள்ள தூசியோடு, உள்ளே இழுக்கும். இதைப் பெட்டியின் வெப்ப மூச்சு என்று சொல்லலாம்.

பாதி காலியான பெட்டியின் மர்மம் இப்போது தெளிவாகிறது. சுருங்குவது காற்று, அரிசி அல்ல. பெட்டியை அரிசியாலும் துணியாலும் நிரப்பிவிட்டால் மூச்சுவிட உள்ளே காற்றே குறைவு. இரண்டு பெரிய பெட்டிகளைப் பாதி பாதியாக நிரப்புவதைவிட ஒரு பெட்டியை முழுதாக நிரப்புவதும், மிஞ்சிய இடத்தில் காற்றடைத்து மூடிய வெறும் போத்தல்களைத் திணிப்பதும் காசில்லாத வைத்தியம். கறுப்புக்குப் பதிலாக வெளிர் நிறப் பெட்டி எடுப்பதும் அப்படித்தான்.

மூன்றாவது, மலையிறக்கம். அப்புத்தளை சுமார் 1430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பலாங்கொடை, பெல்மதுளை, கொடகவெல என்று இறங்கி உடவளவைக்கு வரும்போது 1300 மீற்றருக்கு மேல் கீழே வந்துவிடுகிறோம். 1000 மீற்றர் இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் பத்து வீதத்துக்கு மேல் கூடுகிறது. காதடைப்பது இதனால்தான். மேலே மூடிய பெட்டி கீழே வரும்போது வெளிக்காற்றை உள்ளே வாங்கியே தீரும். இறங்கி முடித்ததும், புழுதிப் பாதைக்குள் போகுமுன், தார் வீதியோரத்தில் ஒருமுறை மூடியைத் திறந்து மூடிவிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே நேராகிவிடும்.

அப்படியானால் காற்றே புகாதபடி முற்றாக அடைத்த பெட்டிதானே வேண்டும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மூடி 60 சென்றிமீற்றர் நீளம், 40 சென்றிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி வளையாமல், காற்றை விடாமல் இருந்து, 50 பாகையிலிருந்து 25 பாகைக்குக் குளிர்ந்தால் அந்த மூடியின் மேல் வெளிக்காற்று போடும் பாரம் ஏறக்குறைய 190 கிலோ. மூன்று பெரிய ஆட்கள் ஏறி நிற்பதற்குச் சமம். மெல்லிய பிளாஸ்டிக் அதைத் தாங்காது. எங்கேயோ ஒரு மூலை வளைந்து, இறப்பர் வளையம் ஒரு நொடி விலகி, காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். அந்த நேரத்தில் விளிம்பில் தூசி இருந்தால் அதுவும் போகும். அரைகுறையாக அடைத்த பெட்டியின் பலவீனம் இதுதான்.

தரநிலை எழுதியவர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். பெட்டிகளிலும் டோர்ச்சுகளிலும் தொலைபேசிகளிலும் ஐபி 54, ஐபி 65, ஐபி 67 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1976இல் முதலில் வெளியிட்ட தரநிலையிலிருந்து வந்த குறி அது. முதல் இலக்கம் தூசி போன்ற திடப்பொருளுக்கு, இரண்டாவது நீருக்கு. முதல் இலக்கம் 5 என்றால் கொஞ்சம் தூசி உள்ளே போகலாம், ஆனால் வேலையைக் கெடுக்காது. 6 என்றால் தூசியே போகக்கூடாது. சோதிக்கும் முறை மிக அழகானது. முகத்துக்குப் போடும் பவுடரின் மூலப்பொருளான டால்க் தூளை, 75 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள அரிப்பில் சலித்து, ஒரு அறைக்குள் கன மீற்றருக்கு இரண்டு கிலோ வீதம் புகைபோலச் சுழலவிடுகிறார்கள். பெட்டியை அதற்குள் தொங்கவிட்டு, ஒரு குழாய் வழியே பெட்டியின் உள்காற்றை உறிஞ்சுகிறார்கள். காற்று எளிதில் வராத பெட்டியானால் எட்டு மணித்தியாலம் வரை உறிஞ்சுவார்கள். ஏன் உறிஞ்ச வேண்டும்? வெப்ப மூச்சினால் பெட்டிக்குள் அழுத்தம் குறையக்கூடும் என்று தரநிலையிலேயே எழுதியிருக்கிறது. தூசிக்கு நடுவே சும்மா வைத்துப் பார்த்தால் உண்மை தெரியாது.

ஆனால் அந்த உறிஞ்சலின் உச்ச அளவு 2 கிலோபாஸ்கல். நாம் கணக்கிட்ட 25 பாகைக் குளிர்ச்சி, முற்றாக அடைத்த விறைப்பான பெட்டியில், அதைவிட ஏறக்குறைய நாலு மடங்கு அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கும். ஐபி 6 என்ற இலக்கம் நல்ல சான்றிதழ்தான். என்றாலும் நமது வெயிலுக்கும் நமது மழைக்கும் அது முழு உத்தரவாதம் ஆகாது. இன்னொரு பொறியும் உண்டு. ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால், ஒரு மீற்றர் ஆழத்து நீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம். எக்ஸ் என்பது தூசிக்கு இலக்கம் கொடுக்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. தண்ணீர் தன் மேற்பரப்பு இழுவிசையால் மிக நுண்ணிய இடுக்கில் நின்றுவிடும், காற்று நிற்காது. வோட்டர்புரூப் என்று சொல்லி விற்கும் பெட்டிக்குள் செம்மண் வருவதில் வியப்பில்லை.

விலையுயர்ந்த பெட்டிகள் இந்தச் சிக்கலை ஒரு சிறு துவாரத்தால் தீர்க்கின்றன. கலிபோர்னியாவில் 1976இல் தொடங்கிய பெலிக்கன் நிறுவனத்தின் பெட்டிகளில் இருக்கும் அழுத்தச் சமன் வால்வு அப்படிப்பட்டது. மூடியைச் சுற்றி இறுக்கமான வளையம். காற்று வந்து போக ஒரே ஒரு வழி. அந்த வழியில் வடிகட்டும் மெல்லிய படலம். இத்தகைய வால்வுகளில் பொதுவாகப் பயன்படும் படலத்தின் கதை 1969இல் தொடங்கியது. ஒட்டாத தாச்சிகளில் பூசும் டெஃப்ளான் வகைப் பொருளின் கோல்களைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ரொபர்ட் கோர், பொறுமையிழந்து ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். காற்றும் நீராவியும் அவற்றின் வழியே போகும், நீர்த்துளியும் தூசியும் போகா. பெட்டி மூச்சுவிடட்டும், ஆனால் நாம் காட்டிய வழியால் மட்டும் விடட்டும் என்பதுதான் இதன் தத்துவம்.

அந்த விலை எல்லோருக்கும் கட்டாது. நாட்சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம் வருடத்தில் ஒரு தடவை கதிர்காமம் போவதற்கு அப்படிப்பட்ட பெட்டி வாங்க வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். இதே இயற்பியல் இன்னொரு மலிவான வழியையும் காட்டுகிறது. அழுத்த வித்தியாசம் உண்டாவது விறைப்பான சுவருக்குள்தான். தளர்வான பொலித்தீன் பைக்குள் மாவைப் போட்டு, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டினால், குளிரும்போது பை தானே சுருங்கிக்கொடுக்கும். வெளிக்காற்றை இழுக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. பெட்டி அடியையும் மிதியையும் தாங்கட்டும், பை தூசியைத் தாங்கட்டும். சாதாரணப் பெட்டியும் தடித்த பைகளும் சேர்ந்தால், வால்வு இல்லாத நடுத்தர விலைப் பெட்டியை வென்றுவிடும் என்பது என் தீர்மானம். மாவுக்கும் மருந்துக்கும் மாற்றுத் துணிக்கும் பை போதும். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் அதுகூட வேண்டாம், கழுவிக்கொள்ளலாம்.

வளையத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொடகவெலயைச் சுற்றித் தேயிலையோடு இறப்பரும் வளர்கிறது. ஆனால் நம் மரத்துப் பால் இறப்பர் வெயிலுக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் சீக்கிரம் வெடித்துவிடும். அதனால்தான் வாகனக் கதவுகளின் பீடிங்கை ஈபிடிஎம் என்ற செயற்கை இறப்பரில் செய்கிறார்கள். பெட்டியில் சில நேரம் வெறும் பஞ்சுப் பட்டியை ஒட்டியிருப்பார்கள். அதில் ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் அமுக்கி எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அதன் கண்கள் ஒன்றோடொன்று திறந்தவை, காற்றும் தூசியும் அதன் வழியே நடந்துபோகும். சொட்டாவிட்டால் கண்கள் மூடியவை, நல்லது. பட்டியை மாற்ற வேண்டுமானால் வாகன உதிரிப்பாகக் கடையில் பீடிங் வாங்கி ஒட்டலாம்.

வாங்கிய பெட்டியை வீட்டிலேயே சோதிக்கலாம். முதலில் ஒரு கடதாசிக் கீற்றை விளிம்பில் வைத்து மூடிப் பூட்டி, கீற்றை இழுத்துப் பாருங்கள். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே வளையம் அமுங்கவில்லை. இரண்டு கிளிப்புகளின் நடுவில்தான் பெரும்பாலும் வழுக்கும். இரவில் டோர்ச்சைப் போட்டு உள்ளே வைத்து மூடினால் பெரிய இடுக்குகள் வெளிச்சமாகத் தெரியும், ஆனால் வளைந்து போகும் இடுக்கு அப்படித் தெரியாது. அதற்கு மூன்றாவது சோதனை. பெட்டிக்குள் ஒரு கறுப்புத் துணியை விரித்து மூடி, வெயிலில் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். சூடேறியதும் நிழலுக்கு எடுத்துவந்து, மூடியின் விளிம்பைச் சுற்றிப் பவுடரைத் தூவி, ஈரத் துணியால் மூடியின் மேற்பரப்பைக் குளிரவையுங்கள். தூள் நனைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து விளிம்பைத் துடைத்துவிட்டுத் திறந்தால், பவுடர் எந்த இடத்தால் நுழைந்தது என்பதைக் கறுப்புத் துணியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு காட்டிக்கொடுக்கும். தரநிலை ஆய்வுகூடம் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். உறிஞ்சும் பம்பின் வேலையை இங்கே வெயிலும் நிழலும் செய்கின்றன.

லொறியில் ஏற்றும்போது, தூசி ஆகாத பெட்டிகளைச் சாரதிக்குப் பின்னால் முன்சுவரை ஒட்டி வைப்பது நல்லது. மண்பாதையில் வேகத்தை 60இலிருந்து 30க்குக் குறைத்தால் பின்சுழலின் இழுவை நாலில் ஒன்றாகிவிடும், சக்கரம் கிளப்பும் புழுதியும் குறையும். பெட்டிக்காக இல்லாவிட்டாலும் லொறியின் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாருக்கும் பிள்ளைகளுக்குமாக இதைச் சாரதியிடம் கேட்க வேண்டும். அவர்கள் இருப்பது அதே சுழலுக்குள், அவர்கள் இழுப்பதும் அதே காற்று.

திரும்பி வந்து பெட்டியை எடுத்து வைக்கும்போது வளையத்தை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, கிளிப்புகளைப் பூட்டாமல் வையுங்கள். மாதக் கணக்காக அமுங்கிக் கிடந்த இறப்பர் பழைய உயரத்துக்கு மீளாது. அதை நிரந்தர அமுக்கம் என்கிறார்கள். வளையத்தில் விரல் வைத்தால் விளிம்பின் தடம் ஒரு பள்ளமாகத் தட்டுப்படும். அந்தப் பள்ளம் அரை மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் பீடிங்கை மாற்றிவிட வேண்டியதுதான்.